பிழைத்த கன்றுக்குத்தான் காசு

ஊரும் மரமும் – வரலாற்றுத் தொடர்: 14

1922 ஜூலை 22 அன்று நைரோபிக்கு அருகே முகுகாவில் மூவாயிரம் கிகுயு வீரர்கள் மரங்களுக்காக ஆடிய நடனத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். வனத்துறையின் இளம் அதிகாரி ரிச்சர்டு செயின்ட் பார்ப் பேக்கரும் கிகுயு தலைவர் ஜோசையா ந்ஜோன்ஜோவும் சேர்ந்து கூட்டிய கூட்டம் அது. அங்கே ஐம்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, ‘வாட்டு வா மிட்டி’, அதாவது ‘மரத்தின் மனிதர்கள்’ என்று பெயர் சூட்டப்பட்டார்கள். ஆண்டுக்குப் பத்து மரமாவது நடுவேன் என்று அவர்கள் சபதம் எடுத்தார்கள். சபதம் எடுத்த அத்தனை பேரும் ஆண்கள்.

ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அதே நாட்டில் மரத்தின் பெயரால் ஊர்கள் மறுபடி கூடின. இந்த முறை குழி எடுத்தவர்களும் விதை பொறுக்கியவர்களும் கன்றுகளைக் காத்தவர்களும் பெண்கள். அந்தக் கதை ஒரு மாட்டு உண்ணியில் தொடங்குகிறது.

1970-களின் முதல் பாதி. நைரோபிப் பல்கலைக்கழகத்தின் கால்நடை உடற்கூறியல் துறையைச் சேர்ந்த ஒரு பெண், கிராமம் கிராமமாகப் போய் மாடுகளின் காதிலிருந்து உண்ணி சேகரித்துக்கொண்டிருந்தார். கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் என்றொரு நோய் அந்தப் பகுதி மாடுகளைக் கொன்றுகொண்டிருந்தது. அதைப் பரப்புவது பழுப்புக் காது உண்ணி. அதன் வாழ்க்கையை ஆராய்வதுதான் அவருடைய வேலை. பெயர் வங்காரி மாத்தாய். 1971-இல் முனைவர் பட்டம் பெற்றவர். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவிலேயே அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண்.

குனிந்து உண்ணி பார்த்தவர் நிமிர்ந்து மாட்டைப் பார்த்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம் போல மாடுகள் நின்றன. புல் இல்லை. மழை பெய்தால் மேட்டிலிருந்து தண்ணீர் செம்மண்ணை வாரிக்கொண்டு சாலையில் ஓடியது. ஆறுகள் பழுப்பாக ஓடின. மாட்டைக் கொல்வது உண்ணி மட்டுமில்லை, மாடு நிற்கும் நிலமே செத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

அவருடைய சொந்த ஊரிலும் அதே நிலைதான். நியேரி மாவட்டத்தில் இஹிதே என்ற சிற்றூரில் 1940-இல் பிறந்தவர் அவர். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய அத்தி மரம் இருந்தது. கிகுயு மக்கள் அதை முகுமோ என்பார்கள். அது கடவுளின் மரம், அதன் கீழ் சுள்ளி பொறுக்கக் கூடாது என்று மகளுக்கு அம்மா சொல்லியிருந்தார். மரத்துக்கு அருகே ஊற்றெடுத்து ஓடிய ஓடையின் கரையில் சேப்பங்கிழங்கு இலைகள் விரிந்திருக்கும். இலைகளுக்கு அடியில் தவளை முட்டைகள் பாசிமணி போலக் கொத்துக் கொத்தாக மிதக்கும். சிறுமி வங்காரி அவற்றை மாலையாகக் கோக்க நினைத்துக் கையில் அள்ளுவாள். அள்ளிய மணிகள் விரலிடுக்கில் உடைந்து நழுவிவிடும். அமெரிக்காவில் படிப்பு முடித்து அவர் திரும்பி வந்தபோது அத்தி மரம் இல்லை. தேயிலை போடுவதற்காக வெட்டிவிட்டார்கள். ஓடையும் வற்றியிருந்தது. தவளை முட்டை எங்கே இருக்கப் போகிறது? அத்தியின் வேர் பாறையைப் பிளந்துகொண்டு நிலத்தடி நீர்வரை இறங்கும், அந்த வழியாகத்தான் ஊற்று மேலே வருகிறது என்பதைப் பின்னாளில்தான் அவர் புரிந்துகொண்டார். பாட்டிமார்கள் அந்த அறிவியலை ‘கடவுளின் மரம்’ என்ற இரண்டு சொல்லுக்குள் வைத்துக் காத்திருந்தார்கள்.

நிலம் இந்தக் கதிக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆங்கிலேயர் நல்ல மேட்டுநிலங்களைப் பிடுங்கித் தங்கள் குடியேறிகளுக்குக் கொடுத்தார்கள். 1950-கள்வரை ஆப்பிரிக்கர்கள் காப்பி பயிரிடவே பல தடைகள் இருந்தன. தடை தளர்ந்து, 1963-இல் விடுதலையும் வந்தபின், சிறு விவசாயிகள் இருந்த கொஞ்ச நிலத்திலும் காப்பியையும் தேயிலையையும் போட்டார்கள். இயற்கைக் காடுகளை அழித்த இடங்களில் வெள்ளை அரசு வளர்த்தது பைன், யூகலிப்டஸ், கறுப்பு வாட்டில். நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே கற்பூர மரம் என்றும் சீகை மரம் என்றும் சொல்லப்படுபவை இவைதான். புல்வெளியையும் சோலையையும் விழுங்கியவை. விடுதலைக்குப் பின் வந்த கென்ய அரசும் அதே வழியில்தான் போனது.

இதன் விலையை வீட்டு அடுப்படி கொடுத்தது. காப்பிப் பணம் ஆண்கள் கைக்குப் போனது, ஏனென்றால் நிலப்பட்டா அவர்கள் பெயரில் இருந்தது. விறகு கொண்டுவரும் வேலை பெண்களிடமே இருந்தது. மரம் குறையக் குறைய நடை நீண்டது. விறகு கிடைக்காதபோது நெடுநேரம் வேகவேண்டிய அவரை வகைகளும் கிழங்குகளும் அடுப்பேறவில்லை. வெள்ளை ரொட்டி, சோள மாவு, தேநீர் என்று சீக்கிரம் ஆகிறவற்றை வைத்து ஒப்பேற்றினார்கள். 1975-இல் மெக்சிகோவில் நடக்கவிருந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்காகக் கென்யாவின் தேசியப் பெண்கள் பேரவை கூட்டங்கள் நடத்தியது. வளமான மத்திய கென்யாவிலேயே குழந்தைகள் ஊட்டக்குறைவால் வாடுவதற்கு இது ஒரு காரணம் என்று ஓர் ஆய்வாளர் அங்கே எடுத்துச் சொன்னார். பேரவையில் இருந்த மாத்தாய் அதைக் கேட்டார். கிராமத்துப் பெண்கள் கேட்டவையும் நேரடியாகவே இருந்தன: விறகு, குடிக்க நல்ல தண்ணீர், சத்தான சாப்பாடு, கையில் கொஞ்சம் காசு. மரம் நட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. விறகு வரும், வேலிக்குக் கம்பு வரும், மாட்டுக்குத் தழை வரும், மண் நிற்கும், தண்ணீர் தங்கும்.

யோசனை வந்த உடனே வெற்றி வந்துவிடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மாத்தாயின் முதல் முயற்சி ஒரு சிறு நிறுவனம். நகரத்து வசதியானவர்களின் தோட்டத்தில் ஏழைகளை வேலைக்கு வைத்து மரம் நடுவது திட்டம். நைரோபியின் கரூரா காட்டில் அதற்கொரு நாற்றங்கால். முன்பணம் கொடுக்க ஆள் வரவில்லை, தண்ணீருக்குத் தட்டுப்பாடு, திட்டம் படுத்துவிட்டது. 1976-இல் வான்கூவரில் நடந்த மனிதக் குடியிருப்பு மாநாட்டுக்குப் போய்விட்டு அவர் திரும்பியபோது கன்றுகள் காய்ந்து கிடந்தன. கன்றைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத இடத்தில் கன்று பிழைக்காது. பின்னால் அவர் அமைத்த எல்லாவற்றிலும் இந்த முதல் தோல்வியின் தழும்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

1977 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். பேரவையின் பெண்கள் நைரோபியின் மையத்தில் இருந்த கென்யாட்டா மாநாட்டு அரங்கிலிருந்து ஊர்வலமாகக் கிளம்பி, நகரத்தின் ஓரத்தில் இருந்த கமுகுஞ்சி திடலுக்குப் போனார்கள். அங்கே ஏழு கன்றுகள் நட்டார்கள். ஒவ்வொன்றும் கென்யாவின் வெவ்வேறு இனக்குழுவில் பிறந்த ஒரு முன்னோடியின் நினைவாக. நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் ‘நிலம் காக்கும் ஹராம்பே’. ஹராம்பே என்ற சுவாஹிலிச் சொல்லுக்குச் சேர்ந்து இழுப்போம் என்று பொருள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்கிறோமே, அதே உணர்வு. அப்போதைய கென்யாவில் பள்ளிக்கூடம் கட்டுவதிலிருந்து மருத்துவமனை எழுப்புவது வரை எல்லாமே ஹராம்பே என்ற பெயரில்தான் நடந்தது. அந்தச் சொல்லை மரத்துக்கும் கொண்டுவந்தது நல்ல யோசனை. அந்த ஏழு மரங்களோடுதான் பசுமைப் பட்டை இயக்கம் பிறந்தது.

அதே ஆண்டு, பாலைவனமாதல் பற்றிய ஐ.நா. மாநாடு நைரோபியில் கூடியது. மாநாட்டுக்கு வந்தவர்களும் மரம் நட நைவாஷாவில் பெண்களுக்குச் சொந்தமான ஒரு கூட்டுப் பண்ணைக்குப் போனார்கள். செய்தி பரவியது. பள்ளிகள், தேவாலயங்கள், பெண்கள் குழுக்கள் எல்லாம் கன்று கேட்டு எழுதின. குறைந்தது ஆயிரம் மரங்களை வரிசையாக நட வேண்டும், அதுதான் ஒரு பட்டை என்று பேரவை வரையறுத்தது.

இத்தனை கன்றுக்கு எங்கே போவது? மாத்தாய் வனத்துறையின் தலைமை அதிகாரியிடம் போனார். ஆளுக்கொரு மரம் என்பது இயக்கத்தின் முழக்கம். கென்யாவின் மக்கள்தொகை அப்போது சுமார் ஒன்றரைக் கோடி. ஆகவே ஒன்றரைக் கோடி கன்று வேண்டும் என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். எத்தனை வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்று தாராளமாகச் சொன்னார். இந்தப் பெண்களால் எத்தனை நட்டுவிட முடியும் என்று நினைத்திருக்கலாம். ஓர் ஆண்டு முடிவதற்குள் அவரே பேச்சை மாற்ற வேண்டி வந்தது. கன்றுகள் அவ்வளவு வேகமாகத் தீர்ந்தன. இனி இலவசம் இல்லை, விலை கொடுக்க வேண்டும் என்றார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. வனத்துறை நாற்றங்கால்கள் கிராமத்துக்கு வெகுதூரத்தில் இருந்தன. லாரியில் குலுங்கி வந்து சேருவதற்குள் பாதிக் கன்று வாடிவிடும். மிஞ்சியவற்றிலும் நாட்டு மரங்கள் அரிது. அப்படியானால் நாமே நாற்று விடுவோம் என்று முடிவானது.

கற்றுக்கொடுக்க வனத்துறை ஆட்களை அழைத்தார்கள். வந்தவர்கள் படித்ததை அப்படியே ஒப்பித்தார்கள். நிலத்தின் சரிவுக் கோணம், வெயில் விழும் திசை, பாத்தியின் ஆழம், ஜல்லியின் அளவு, மண்ணின் வகை, தேவைப்படும் கருவிகள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். பிறந்ததிலிருந்து விதைத்து அறுத்தவர்கள். சோளமும் அவரையும் முளைக்கவைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு மர விதையை முளைக்கவைக்கப் பட்டயம் எதற்கு? மாத்தாய் பாடத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். உங்களுக்குத் தெரிந்தபடி செய்யுங்கள், உங்கள் புத்தி போதும் என்று பெண்களிடம் விட்டுவிட்டார்.

விட்ட பிறகு நடந்ததுதான் இந்தத் தொடர் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம். பெண்கள் வயல்வெளியிலும் காட்டோரத்திலும் நடந்து, எந்த மரம் எப்போது காய்க்கிறது என்று கவனித்தார்கள். கீழே விழுந்த விதைகளைப் பொறுக்கி வந்தார்கள். எந்த விதை சீக்கிரம் முளைக்கும், எது சுணங்கும் என்பதை விதைத்துப் பார்த்தே கற்றார்கள். களையோடு களையாகத் தலைகாட்டும் மரக்கன்றை இலை பார்த்து அடையாளம் கண்டு, பிடுங்கிவந்து வளர்த்தார்கள். உடைந்த பானை, ஓட்டைப் பாத்திரம் எல்லாவற்றிலும் மண் நிரம்பியது. ஆடும் கோழியும் எட்டாத உயரத்தில் அந்தப் பானைகள் உட்கார்ந்தன. ஒரு குழு கண்டுபிடித்ததை அடுத்த குழுவுக்குச் சொன்னது. பட்டயம் இல்லாத வனக்காவலர்கள் என்று மாத்தாய் இவர்களைப் பெருமையோடு அழைத்தார்.

அடுத்தது காசு. இயக்கம் ஒரு கன்றுக்கு நான்கு அமெரிக்க செண்ட் கொடுத்தது. அன்றைக்கும் அது சிறிய தொகைதான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. கன்றை வளர்த்ததற்குக் காசு இல்லை, நட்டதற்கும் காசு இல்லை. நாற்றங்காலை விட்டுப் போய், யாரோ ஒருவருடைய நிலத்தில் வேர் பிடித்து, சில மாதம் கழித்து உயிரோடு நிற்கும் கன்றுக்குத்தான் காசு.

இதைப் படித்தபோது நான் பள்ளியில் படித்த காலம் நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் விருந்தினர் ஒருவர் வருவார், வரிசையாக நின்று கைதட்டுவோம், மைதானத்து ஓரத்தில் கன்று நடப்படும். கோடையில் அங்கே குழி மட்டும் இருக்கும். அடுத்த ஆண்டு அதே குழிக்கு அடுத்த கன்று. எத்தனை கன்று நட்டார்கள் என்ற கணக்கு பள்ளி ஏட்டில் ஏறிக்கொண்டே போயிருக்கும். ஒரு மரத்தடியிலும் நாங்கள் உட்கார்ந்ததில்லை. நட்ட கணக்கை விட்டுவிட்டுப் பிழைத்த கணக்கைக் கேட்டிருந்தால் அந்த மைதானம் இன்று வேறுமாதிரி இருந்திருக்கும். மாத்தாய் கேட்டது அந்தக் கணக்கைத்தான். பசுமைப் பட்டை இயக்கத்தின் உயிர்நாடி அந்த நான்கு செண்ட் நிபந்தனைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நிபந்தனை எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். கன்று பிழைத்தால்தான் காசு என்பதால், கன்று வாங்க வருபவரின் நிலத்தைக் குழுப் பெண்கள் முதலில் போய்ப் பார்த்தார்கள். இரண்டடி ஆழம், இரண்டடி அகலத்தில் குழி எடுத்திருக்கிறாரா, தொழுவுரம் போட்டிருக்கிறாரா என்று சரிபார்த்தார்கள். குழி இல்லாதவருக்குக் கன்று இல்லை. கன்று போன பிறகும் விடவில்லை. நட்டவர் தண்ணீர் ஊற்றுகிறாரா, ஆடு கடித்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். விற்றவர் வாங்கியவர் என்ற உறவு போய், இரண்டு பேரும் ஒரே கன்றுக்குத் தாயாகிவிட்டார்கள். எத்தனை கன்று வளர்ந்தது, எத்தனை போனது, எத்தனை நிற்கிறது என்று குழுவே கணக்கெழுதி அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாத தாய்க்குப் பள்ளி போகும் மகன் எழுதிக்கொடுத்தான். நாற்றங்கால் உதவியாளர்களாகவும் பதிவாளர்களாகவும் ஆண்கள் உள்ளே வந்தது இப்படித்தான். எத்தனையோ பெண்களுக்கு, கணவர் கைக்குப் போகாமல் தன் கைக்கே வந்த காசு இது.

தொடக்கத்தில் பட்டைகள் பெரும்பாலும் பள்ளி, தேவாலயம் போன்ற பொது இடங்களில் வளர்ந்தன. பொதுச்சொத்துக்கு நேரும் கதி அவற்றில் சிலவற்றுக்கும் நேர்ந்தது. எல்லோருக்கும் சொந்தமான கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. ஆகவே இயக்கம் மெல்ல மெல்லத் தனியார் வயல்களின் பக்கம் திரும்பியது. வரப்பில் நின்ற மரத்தை வீட்டுக்காரர்களே காத்தார்கள்.

இயக்கம் வேர் பிடித்த அதே ஆண்டுகளில் மாத்தாயின் சொந்த வாழ்க்கை வேரோடு ஆட்டம் கண்டது. 1979-இல் மணமுறிவு. வழக்கைப் பற்றி ஒரு பேட்டியில் நீதிபதியை விமர்சித்ததற்காக நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் சாட்டப்பட்டுச் சில நாள் சிறையில் இருந்தார். தன் குடும்பப் பெயரை இனிப் பயன்படுத்தக் கூடாது என்றார் முன்னாள் கணவர். ‘மதாய்’ என்று இருந்த பெயரில் இன்னோர் எழுத்தைச் சேர்த்து ‘மாத்தாய்’ ஆக்கிக்கொண்டார் அவர். குறில் நெடிலானது, பெயர் அவருடையதானது. 1982-இல் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பதற்காகப் பல்கலைக்கழக வேலையை விட்டார். வாக்காளர் பதிவில் ஏதோ நுணுக்கத்தைக் காட்டி அவரைப் போட்டியிலிருந்து தள்ளிவிட்டார்கள். திரும்பிப் போய் வேலை கேட்டால், வேலையும் இல்லை, குடியிருந்த வீடும் இல்லை. மூன்று பிள்ளைகள்.

கை கொடுத்தது அவர் வளர்த்த இயக்கமே. 1981-இல் ஐ.நா.வின் பெண்களுக்கான தன்னார்வ நிதி 1,22,700 டாலர் ஒதுக்கியது. நார்வே வனச் சங்கத்தின் தலைமை நிர்வாகி வில்ஹெல்ம் எல்ஸ்ருட் நைரோபிக்கு வந்து பார்த்து, இயக்கத்தோடு கூட்டுச் சேர்ந்தார். ஒருங்கிணைப்பாளராக மாத்தாய்க்கு ஒரு சிறு ஊதியமும் கிடைத்தது. அதுவரை மற்ற வேலைகளுக்கு நடுவே செய்துவந்ததை முழுநேர வேலையாக்கிக்கொண்டார். கையில் பணம் வந்ததும் நாற்றங்கால்கள் பெருகின. கன்றுக்கான காசு தவறாமல் போய்ச் சேர்ந்தது.

1985-இல் மூன்றாவது உலகப் பெண்கள் மாநாடு நைரோபியிலேயே நடந்தது. வந்தவர்களை மாத்தாய் கிராமங்களுக்கு அழைத்துப் போனார். அங்கே விளக்கம் சொன்னவர்கள் நாற்றங்கால் பெண்களே. தங்கள் பாத்திகளுக்கு நடுவே நின்று, எந்த விதை எப்படி முளைக்கும் என்று பல நாட்டவருக்கும் எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு மற்ற ஆப்பிரிக்க நாட்டவர் வந்து கற்றுக்கொள்ளவும் ஏற்பாடு ஆனது.

கிராமங்களில் இன்னொன்றும் முளைத்துக்கொண்டிருந்தது. கூடிப் பேசப் பழகிய பெண்கள் கேள்வி கேட்கவும் பழகினார்கள். ஆற்றங்கரை மரத்தை வெட்ட யார் அனுமதி கொடுத்தது? பொதுக்காடு எப்படித் தனியார் கைக்குப் போனது? இயக்கத்தின் பயிலரங்குகளில், உங்கள் ஊரின் தொல்லைகள் என்னென்ன என்று கேட்டால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேட்டால் முதலில் எல்லோரும் அரசாங்கத்தைக் காட்டுவார்கள். சரி, சரிவில் வரப்புப் போடாமல் உழுதது யார் என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு பக்கமும் பொறுப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மண்வெட்டியை எடுப்பார்கள். மரம் நடும்வரை இவர்களைக் கண்டு சிரித்த ஆட்சியாளர்கள், இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

1989-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள் சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் மாத்தாயைத் தேடி வந்தார். நைரோபியின் நடுவில் இருக்கும் உகுரு பூங்காவில், ஏழை எளியவர்கள் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு வந்து புல்லில் உட்காரும் அந்தப் பூங்காவில், அறுபது மாடிக் கட்டடம் ஒன்று எழப்போகிறது என்றார். கட்டப்போவது ஆளும் கட்சியின் பத்திரிகை நிறுவனம். முன்னால் அதிபர் டேனியல் அரப் மோயின் பிரம்மாண்டமான சிலையும் வரப்போகிறது. கேட்டுக்கொண்டிருந்த மாத்தாய் தாளை எடுத்துக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

(தொடரும்)